அழுகை மொய்

சுகந்தியின் ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோதெல்லாம் சிவநேசனுக்கு நல்ல வருமானம் வந்தது. அந்த நாள் தள்ளிப்போனபோது அதைவிட நல்ல வருமானம் வந்தது. இந்த ரகசியம் அந்த வீட்டில் தனக்கு மட்டுமே தெரியும் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

சிவநேசன் பேராவூரணிக்காரன். பதினைந்து வருடமாக வலைப்பதிவு எழுதுகிறவன். முதலில் எந்த செல்போன் வாங்கலாம் என்று எழுதினான். பிறகு போட்டித் தேர்வுக் குறிப்புகள். அதுவும் போணியாகாமல் மூட்டுவலிக்கு முடக்கத்தான் தோசை வரைக்கும் இறங்கிப் பார்த்தான். பதிவின் ஓரத்தில் விளம்பரம் ஓடும், யாராவது அதைத் தொட்டால் காசு. யாரும் தொடவில்லை. வீட்டை ஓட்டியது சுகந்தியின் தையல் மெஷின். "ஒங்க ப்ளாக்கு கரண்டு பில்லுக்காச்சும் ஆகுமாங்க" என்று அவள் கேட்பாள். கிண்டல்தான், ஆனால் கேட்டுவிட்டுக் கரண்டு பில்லை அவளே கட்டிவிடுவாள்.

அதற்குப் பிறகுதான் நாடித் திட்டம் வந்தது. அதற்குள் எல்லோர் மணிக்கட்டிலும் உடம்பைக் கவனிக்கும் மின்வளை ஏறியிருந்தது. அது இல்லாவிட்டால் காப்பீடு கிடையாது என்று சொல்லிவிட்டதால் ஊரே மாட்டிக்கொண்டது. நாடித்துடிப்பு, வியர்வை, மூச்சு எல்லாம் அதற்குத் தெரியும். விளம்பரக் கம்பெனிக்காரன் அந்த வளையைப் பிடித்துக்கொண்டான், அதுதான் நாடித் திட்டம்.

சிவநேசனுக்கு இதை விளக்கியவர் அடைக்கலம். கல்யாண மண்டபங்களில் மொய் எழுதிக்கொண்டிருந்தவர், இப்போது அவரும் பதிவர். கடைத்தெருவில் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"தம்பி, வெளம்பரத்தத் தொடுறது கிடுறதெல்லாம் மலையேறிப் போச்சு. படிக்கிறவன் கையில இருக்குற வளை அவன் நாடியப் பாத்துக்கிட்டே இருக்கும். எந்த வரியில மனசு எளகுதோ அந்த வரிக்குப் பக்கத்துல வெளம்பரம் வந்து நிக்கும். எளகுன மனுசன் யோசிக்காம வாங்குவான். எம்புட்டு எளகுனான்னு நூத்துக்கு ஒரு நம்பர் போடுறாங்க. அதுக்குப் பேரு ஈரம். ஈரத்துக்குத்தான் காசு."

"அப்ப அழுவாச்சிக் கதையா எழுதித் தள்ளிரலாமேண்ணே."

"அங்கதான் ஆப்பு வெச்சிருக்கான். எழுதுறப்ப ஒன் கையிலயும் வளை இருக்கணும். பொய்யா எழுதுனா ஒன் நாடியே காட்டிக் குடுத்துரும். அதுக்கு ஒரு நம்பரு, மெய்யின்னு பேரு. ஒனக்கு வலிச்சாத்தான்டா ஊருக்கு வலிச்சதுக்குக் காசு."

சிவநேசனுக்கு அப்போது வலிக்க ஒன்றும் இல்லை. அவன் வருத்தப்பட்டான். நல்ல மனைவி, சொந்த வீடு, கடன் இல்லை, இதை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது என்று உண்மையாகவே வருத்தப்பட்டான்.

தை மாதம் சுகந்திக்கு மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியது. திருச்சியில் டாக்டர் நஸ்ரின் பரிசோதித்துவிட்டு, சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் இதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டது என்றார். வால்வை மாற்ற வேண்டும். செலவைக் காப்பீடு ஏற்றுக்கொள்ளும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் ஆறு மாதத்துக்குள் செய்துவிட வேண்டும்.

"அதுக்கு மேல விட்டா இதயம் வீங்கிடும் சார். வால்வை எப்ப வேணா மாத்தலாம். இதயத்த மாத்த முடியாது."

அன்று மாலை பேருந்திலிருந்து இறங்கிய கையோடு அவன் எழுதினான். பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு அவன் அழுதுகொண்டேதான் எழுதினான். மெய் தொண்ணூற்றேழு. முப்பதாயிரம் பேர் படித்தார்கள். 'என் சுகந்தி இனி தையல் மெஷினை மிதிக்க மாட்டாள்' என்ற வரியில் எல்லோரும் இளகினார்கள். அந்த வரிக்குப் பக்கத்தில், 'உங்கள் துணையை நேசிக்கிறீர்களா? இன்றே ஒரு பாலிசி' என்று ஒரு விளம்பரம் வந்து நின்றது. பதினைந்து வருடத்தில் சம்பாதிக்காததை அவன் அந்த ஒரு மாதத்தில் சம்பாதித்தான். முதல் வேலையாக அவளுக்குத் தலைப்பக்கம் உயரும் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டான், மல்லாந்து படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டுகிறது என்று.

சித்திரையில் ஆபரேஷனுக்கு முதல் முறையாகத் தேதி குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் 'நாளை' என்று ஒரு பதிவு போட்டான். இரண்டு லட்சம் பேர். மறுநாள் சுகந்திக்குக் காய்ச்சல் கண்டுவிட்டதால் டாக்டரே ஆபரேஷனைத் தள்ளி வைத்தார். அது யார் குற்றமும் இல்லை. ஆனால் அந்தப் பதிவின் ஈரத்தை சிவநேசன் மறக்கவில்லை.

அடுத்து வந்த வாரங்களில் மெய் இறங்கத் தொடங்கியது. எண்பது, எழுபது, ஐம்பத்தைந்து. அவள் இருமுவதையும் கட்டில் உயரம் போதாமல் நாலு தலையணை வைத்துத் தூங்குவதையும் அவன் எழுதினான். எல்லாம் உண்மை. ஆனால் பழகிப்போன துக்கத்துக்கு நாடி துடிக்கவில்லை. யோசித்துப் பார்த்தபோது அவனுக்கு ஒன்று புரிந்தது. அவனுக்கு பயம் வேண்டும். பயம் வர வேண்டுமென்றால் தேதி வேண்டும்.

ஆனியில் ஒரு தேதி வாங்கினான். முந்தின நாள் மாலை, சுகந்தி பையில் நைட்டிகளையும் ரிப்போர்ட்டுகளையும் அடுக்கிக்கொண்டிருக்க, பக்கத்து அறையில் பயந்துகொண்டே எழுதினான். மெய் தொண்ணூற்றொன்பது. விடிந்ததும் இன்னொரு பயம் வந்தது. நாளை மறுநாள் இவள் பிழைத்து எழுந்துவிடுவாள். அதற்கப்புறம் எதை எழுதுவது, மறுபடியும் முடக்கத்தான் தோசையா? அவன் மாடிக்குப் போய் ஆஸ்பத்திரிக்கு போன் செய்து, வீட்டில் ஒரு துக்கம், வர முடியாது என்று சொன்னான். கீழே வந்து, பெட் காலி இல்லையாம் என்றான். சுகந்தி பையைத் திறந்தாள். அடுக்கிய நைட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள். அதையும் அவன் எழுதினான், நன்றாகவே போயிற்று.

பிறகு ஆடி மாதம் ஆகாது என்றான். ஆடி போனதும் டாக்டர் லீவு என்றான். ஒவ்வொரு முறையும் இது கடைசி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தன்னைக் கெட்டவன் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. வருகிற பணம் எல்லாம் அவளுக்காகத்தானே என்று நினைத்தான். அவள் மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தான்.

அவன் பதிவில் என்ன எழுதுகிறான் என்று சுகந்திக்குத் தெரிய வழியில்லை. நாடித் திட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர்கள் ஒருவர் பதிவை ஒருவர் படிக்கக் கூடாது, படித்தால் கணக்கு முடங்கும். வருடத்துக்கு ஒருமுறை எந்தெந்த வளைகள் ஒரே வீட்டில் இருக்கின்றன என்று கம்பெனி ஒத்துப் பார்க்கும். "எம் பதிவ மட்டும் தொறந்துறாத, பொழப்பு போயிரும்" என்று அவன் முதல் நாளே சொல்லி வைத்திருந்தான். சுகந்தி சரி என்று தலையாட்டியிருந்தாள்.

அடைக்கலம் சும்மா இருப்பவர் இல்லை. பதிவர்களைச் சேர்த்து ஒரு மொய்க் குழு தொடங்கினார். பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து வைத்துத்தானே கடை வைக்கிறார்கள், வீடு கட்டுகிறார்கள்? அதே முறைதான். நீ என் பதிவைப் படி, நான் உன் பதிவைப் படிக்கிறேன். யார் யாருக்கு எவ்வளவு ஈரம் வைத்தார் என்று அடைக்கலம் நோட்டுப் போட்டு எழுதினார். புனைபெயரில் எத்தனையோ பேர் சேர்ந்தார்கள். படித்ததற்கு அடையாளமாகக் கருத்துப் பெட்டியில் ஒரு வரி எழுத வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலானவர்கள் 'அருமையான பதிவு. தொடர்ந்து எழுதுங்கள்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். குழந்தை செத்துப்போன பதிவுக்கும் அதுதான்.

ஆனால் கல்யாண வீட்டில் செய்வது போல மனசில்லாமல் கவரை நீட்டிவிட்டு இங்கே வர முடியாது. வளை விடாது. நிஜமாக அழுதால்தான் மொய் ஏறும்.

ஆடி மாதக் கடைசியில் 'உப்புக்காற்று' என்ற பெயரில் ஒரு பெண் குழுவில் சேர்ந்தாள். கடற்கரை ஊர் என்று எழுதியிருந்தாள். கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் செய்ய வேண்டும், புருஷன் ஃபிளெக்ஸ் போர்டு கடை வைத்திருக்கிறான், ஏதேதோ சொல்லித் தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறான். இவ்வளவுதான் விஷயம். ஆனால் அவள் எழுதியது சிவநேசனை அறுத்தது. ஒருமுறை இப்படி எழுதியிருந்தாள்: 'ஆஸ்பத்திரிக்கு எடுத்து வைத்த சோப்பைத் திரும்ப வீட்டுக் குளியலறையில் வைத்தேன். அதைப் போட்டுக் குளிக்கும்போது என் மேல் ஆஸ்பத்திரி வாசம் அடித்தது.'

அவன் தேம்பி அழுதான். ஈரம் தொண்ணூற்று நான்கு. மற்றவர்களைப் போல அருமையான பதிவு என்று எழுதிவிட்டு வர அவனுக்கு மனசு வரவில்லை. 'அம்மா, அந்த ஆளை நம்பாதீர்கள். ஆடி ஆகாது, ஆவணி ஆகாது என்பதெல்லாம் சாக்கு. அவன் மனிதனே இல்லை' என்று எழுதினான். அவன் வீட்டிலும் ஆடி ஆகாமல்தான் போயிருந்தது. அது அவனுக்கு உறைக்கவே இல்லை. தன்னுடைய விஷயம் வேறு, ஃபிளெக்ஸ் கடைக்காரன் விஷயம் வேறு.

ஒரே ஒரு மனத்தாங்கல்தான். அவள் பதில் மொய் சரியாக வைக்கவில்லை. முதலில் அவன் பதிவுக்குத் தொண்ணூற்றாறு வைத்தவள், பிறகு எழுபது, நாற்பது என்று இறங்கிக்கொண்டே வந்தாள். அடைக்கலத்திடம் முறையிட்டான்.

"நான் தொண்ணூறுக்குக் கொறையாம வெக்கிறேன்ணே. அந்தம்மா பன்னெண்டு வெக்குது. இதென்ன நியாயம்?"

"மொய்ப் பணம்னா வீட்டு வாசல்ல நின்னு கேட்டு வாங்கலாம் தம்பி. அழுகைய எப்புடிக் கேக்குறது?"

புரட்டாசி முதல் வாரம் உப்புக்காற்று ஒரு பதிவு போட்டாள். ஹைதராபாத்திலிருந்து ஒரு பெரிய டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருச்சிக்கு வருகிறாராம், அவர் கையால் செய்தால்தான் உயிருக்கு உத்தரவாதம், அதுவரை பொறுத்துக்கொள் என்று புருஷன் சொல்கிறானாம். அந்தப் பதிவுக்கு மெய் வெறும் முப்பத்தெட்டு. எப்போதும் தொண்ணூறைத் தாண்டுகிறவள் இந்த முறை கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறாள் என்று சிவநேசன் நினைத்தான். இருந்தாலும் கோபம் வந்தது. எப்பேர்ப்பட்ட புளுகு, நாலெழுத்துப் படித்தவள் இதை நம்புவாளா என்று எழுதினான்.

எட்டு நாள் கழித்து சுகந்தி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கவே இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கால் வீங்கியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து மூச்சு திரும்பும்வரை காத்திருந்துவிட்டு, ஆபரேஷன் எப்போது என்று கேட்டாள். சிவநேசனிடம் சாக்குகள் தீர்ந்திருந்தன. வாயில் வந்ததைச் சொன்னான்.

"ஐதராபாத்துலேருந்து ஒரு பெரிய டாக்டரு வர்றாராம் சுகந்தி. மூணு மாசத்துக்கு ஒருக்காத்தான் திருச்சிக்கு வருவாரு. அவரு கையால பண்ணுனாத்தான் நல்லதுன்னு சொல்றாங்க."

சுகந்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க சொன்னா?"

"நஸ்ரின் டாக்டர்தான் சொன்னாங்க."

"அப்படியா" என்றாள் அவள். அவள் நம்பிவிட்டாள் என்று அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

அன்று சாயங்காலம் உப்புக்காற்று இரண்டே வரியில் ஒரு பதிவு போட்டிருந்தாள். 'எனக்குக் கடைசியாக ஒரு சந்தேகம் இருந்தது. இன்றைக்குத் தீர்ந்துவிட்டது. நான் என்ன செய்யட்டும்?' மெய் நூறு. சிவநேசன் அந்த நூறைப் பார்த்ததே இல்லை. கருத்துப் பெட்டியில் எழுதினான்: 'அவனிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புங்கள் அம்மா. உடன்பிறந்தவர் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குக் கையெழுத்தை நீங்களே போடலாம். அவனை ஆஸ்பத்திரி வாசலில்கூட விடாதீர்கள். ஒரு அண்ணனாகச் சொல்கிறேன்.'

'நன்றி அண்ணா' என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள் காலை அவன் கடைத்தெருவில் பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது கட்டில் காலியாக இருந்தது. அலமாரியில் நைட்டிகள் இல்லை. ரிப்போர்ட் பையும் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டான். அறந்தாங்கியிலிருந்து சுகந்தியின் அண்ணன் கார் கொண்டு வந்தாராம், கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு போனாராம். பால் கவரை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றான்.

அப்போது வளை அதிர்ந்தது. நாடித் திட்டத்திலிருந்து வருடாந்தரச் சோதனை முடிவு.

'ஒரே கூரை விதி மீறப்பட்டுள்ளது. உங்கள் வீட்டில் வசிப்பவரின் உப்புக்காற்று பதிவை நீங்கள் 41 முறை படித்துள்ளீர்கள். அவர் உங்கள் பதிவை 38 முறை படித்துள்ளார். இரு கணக்குகளும் முடக்கப்படுகின்றன.'

அவன் முதலில் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று நினைத்தான். இந்த வீட்டில் இருப்பது நானும் சுகந்தியும்தானே என்று நினைத்தான். அதற்குப் பிறகு உட்கார இடம் தேடி அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்தான்.

அவள் பதிவு இன்னும் திறந்தது. அன்று காலை கிளம்பும்போது கடைசியாக ஒன்று எழுதியிருந்தாள். ஆடியில் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் போனுக்கு ஒரு அழைப்பு வந்ததாம். ஆனி மாதத் தேதியை ரத்து செய்தீர்களே, வீட்டுத் துக்கம் முடிந்துவிட்டதா என்று கேட்டார்களாம். யார் துக்கம் என்று அப்போதுதான் அவள் அவன் பதிவைத் திறந்து படித்தாளாம். படித்து அழுதாளாம், முதல் இரண்டு மூன்று முறை, அவனுக்காக. பிறகு பெயரை மாற்றி, நோயை மாற்றி, வலியை மட்டும் மாற்றாமல் தன் கதையை அவன் கண்முன்னால் வைத்தாள். படித்தால் புரிந்துவிடும், புரிந்தால் கூட்டிக்கொண்டு போவார் என்று நினைத்தாள். அவன் அழுதான், திட்டினான், அண்ணனாகப் புத்தி சொன்னான். புரியவில்லை.

'கடைசியாக ஒரு பொய்யை நானே எழுதிப் பார்த்தேன்' என்று முடித்திருந்தாள். 'ஹைதராபாத் டாக்டர் என்று யாரும் கிடையாது. அவர் அதுவரை சொல்லாத சாக்கு அது. எட்டாம் நாள் அதை என்னிடமே சொன்னார்.'

சிவநேசன் திருச்சிக்கு ஓடினான். அவன் புத்தி சொன்னபடியே எல்லாம் நடந்திருந்தது. தேதி வாங்கி, கையெழுத்தையும் அவளே போட்டு ஆபரேஷனுக்கு உள்ளே போயிருந்தாள். அவனை உள்ளே விட வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்திருந்தாள். அவள் அண்ணன் வராண்டாவில் இருந்தார், அடிக்கவில்லை, அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. நாலு மணி நேரம் கழித்து டாக்டர் நஸ்ரின் வெளியே வந்தார். உயிருக்கு ஆபத்தில்லை என்றார். பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வால்வு நல்லா உக்காந்துருச்சு. ஆனா இதயம் வீங்கிப்போச்சு. பாதிதான் வேலை செய்யுது. ஆனியில வந்திருந்தா முழுசாத் தந்திருப்பேன். இனிமே அவங்க எவ்வளவு நாள்னு என்னால சொல்ல முடியாது."

இருபது நாள் கழித்து சுகந்தி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று அவனுக்குத் தெரிய வந்தது. யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நாடித் திட்டம்தான் சொன்னது. 'மறுசோதனையில், நீங்கள் இருவரும் இப்போது ஒரே கூரைக்குக் கீழே வசிக்கவில்லை என்பது உறுதிசெய்யப்பட்டது. உங்கள் கணக்குகள் மீட்கப்படுகின்றன.'

அன்று பகல் முழுவதும் சிவநேசன் அந்தக் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தான். தலைப்பக்கம் உயர்ந்தபடியே இருந்தது, அவன் அதை இறக்கவில்லை. வெட்கமும் வேதனையும் அவனை உட்கார விடவில்லை. இது உண்மையான வேதனை. அது அவனுக்குத் தெரிந்தது. தெரிந்த மறுகணமே அவன் கை லேப்டாப்பைத் திறந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். எங்கே நின்று கேட்பது, அவள் வீட்டு வாசலில் விடமாட்டார்களே.

'என் மனைவியின் இதயத்தில் பாதியை நான் விற்றேன்' என்று முதல் வரியை எழுதினான். ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனி மாதக் காலை, மாடி, போன், பெட் காலி இல்லை என்றது, ஐதராபாத் டாக்டர், எல்லாவற்றையும் எழுதினான். எழுதி முடித்தபோது ஓரத்தில் மெய் நூறு என்று இருந்தது. அவன் வாங்கிய முதல் நூறு. அதைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அந்த சந்தோஷத்துக்காக அழுதுகொண்டே பதிவை வெளியிட்டான்.

வாசகர் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முதல் ஆளாக உப்புக்காற்று வந்தாள். அவள் பதினோரு நிமிடம் படித்தாள், ஒரு வரி விடாமல் கடைசி வரைக்கும். ஈரம் என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது.

கீழே, கருத்துப் பெட்டியில், மொய்க்கான ஒரு வரியையும் எழுதிவிட்டுப் போயிருந்தாள்.

'அருமையான பதிவு. தொடர்ந்து எழுதுங்கள்.'